மூன்று சென்ட் கருணை

கேரள அரசுக்கு ஏழைகள்மேல் அக்கறை இல்லை என்று சொல்பவன் நாக்கு அழுகிப்போகும். பாறசாலையிலோ நெய்யாற்றின்கரையிலோ ஒரு லட்சம்வீடு காலனிக்குள் போய்ப் பாருங்கள். வாசலுக்கு வராத ஆளில்லை. ஆஷா அக்கா வந்து காய்ச்சல் கணக்கெடுப்பார். அங்கன்வாடி டீச்சர் பிள்ளையை நிறுத்துப் பார்ப்பார். அயல்கூட்டத்துக்கு ஏன் வரவில்லை என்று குடும்பஸ்ரீ மகளிர் குழுவில் கேட்பார்கள். ஹரிதகர்மசேனைக்காரர் பிளாஸ்டிக் குப்பையையும் வாங்குவார், அதற்கு மாதாமாதம் காசும் வாங்குவார். மஞ்சள் ரேஷன் கார்டா, பிங்க் ரேஷன் கார்டா என்று வறுமைக்கு நிறம்கூடப் பிரித்து வைத்திருக்கிறார்கள். காலுக்குக் கீழே இருக்கிற மண் யாருடையது என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அது வேறு ஆபீஸ்.

1972இல் அச்சுதமேனன் மந்திரிசபையில் வீட்டுவசதி மந்திரியாக இருந்த எம்.என். கோவிந்தன் நாயர் தொடங்கியது லட்சம்வீடு திட்டம். ஒரே சுவர், இரண்டு பக்கமும் இரண்டு குடும்பம். இந்தப் பக்கம் இருமினால் அந்தப் பக்கம் பிள்ளை முழித்துக்கொள்ளும். நல்ல மனசோடு கட்டியதுதான், மறுக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு பட்டயம் ஒருவர் பெயரில், குடியிருப்பவர் இன்னொருவர், விலைக்கு வாங்கியதாகச் சொல்பவர் மூன்றாமவர் என்று முடிச்சு விழுந்தபோது, அவிழ்க்க வேண்டியவர்கள் கோப்பைத் தலைக்கு வைத்துத் தூங்கினார்கள்.

2020 டிசம்பர் 22. நெய்யாற்றின்கரைக்குப் பக்கத்தில் அதியன்னூர் பஞ்சாயத்து, நெட்டத்தோட்டம் காலனி. மூன்று சென்ட் நிலத்துக்கு வழக்கு. முன்சீப் கோர்ட் உத்தரவோடு போலீஸ் வந்தது. நாற்பது வருஷத்துக்கு மேல் தூங்கிய நிர்வாகம் அன்றைக்கு என்ன சுறுசுறுப்பு! அங்கே குடியிருந்த புருஷன், மனைவியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு லைட்டரைத் தூக்கிக் காட்டினார். பயமுறுத்தினால் போய்விடுவார்கள் என்றுதான் நினைத்தேன், போலீஸ்காரர் தட்டியதில் தீப்பிடித்தது என்று ஆஸ்பத்திரியில் கிடந்து சொன்னார். உயர்நீதிமன்றத்தின் தடை உத்தரவும் அதே நாளில் வந்தது. ஒரு வாரத்துக்குள் இரண்டு பேரும் செத்தார்கள்.

அப்பனுக்கு மகனே மண்வெட்டி எடுத்துக் குழி வெட்டினான். அப்போதும் போலீஸ் வந்தது, வெட்டாதே என்றது. அந்தப் பையன் குழிக்குள் நின்றபடி விரலை நீட்டி, எல்லாரும் சேர்ந்து கொன்றது போதாதா, புதைக்கவும் விடமாட்டீர்களா என்று கேட்டதை நாடே வீடியோவில் பார்த்தது.

பிறகு வந்ததே கருணை! மந்திரி வந்தார், எதிர்க்கட்சி வந்தது, கேமரா வந்தது. ஒரு நகைக்கடை முதலாளி அந்த நிலத்தையே விலை பேசி வாங்கி, பத்திரத்தோடு வந்து நின்றார். பையன்கள் வேண்டாம் என்றார்கள். அரசு தரட்டும் என்றார்கள். அமைச்சரவை கூடி வீடும் பணமும் அறிவித்தது. அப்பனும் அம்மையும் உயிரோடு கேட்டபோது இல்லாத சட்டமெல்லாம் பிணத்தைப் பார்த்ததும் எங்கிருந்தோ கிடைத்துவிட்டது.

களியக்காவிளை எல்லை தாண்டித் தமிழ்நாட்டுக்குள் வந்தால் பாலாறு ஓடுவதாக நம் ஆட்கள் நெஞ்சை நிமிர்த்த வேண்டாம். 2017 அக்டோபரில் திருநெல்வேலி கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில், கந்துவட்டிக் கொடுமைக்கு எதிராக மனுமேல் மனு கொடுத்து அலுத்த ஒரு குடும்பம், இரண்டு பெண் குழந்தைகளோடு எரிந்தது. அதைக் கார்ட்டூன் போட்டவரை அரசு கைதுசெய்தது. இன்றைக்கும் திங்கட்கிழமை குறைதீர் நாளில் வாசலில் போலீஸ் நின்று பையைத் துழாவுகிறது. மனுவைப் படிக்க ஆளில்லை, பாட்டிலை மோந்து பார்க்க ஆள் இருக்கிறது.

சரி, காலனிக்கு வந்துபோகும் அந்த ஆஷா அக்காவின் கதை? 2025 தொடக்கத்தில் மாதம் 7,000 ரூபாய்தான் மதிப்பூதியம். 21,000 வேண்டும் என்று 2025 பிப்ரவரி 10 முதல் திருவனந்தபுரம் செக்ரட்டேரியட் வாசலில் உட்கார்ந்தார்கள். மழைக்குக் கட்டிய தார்ப்பாயைப் போலீஸ் அவிழ்த்தது. ஊருக்கெல்லாம் வீடு கொடுக்கும் அரசுக்கு, தெருவில் கட்டிய ஒரு தார்ப்பாய் உறுத்திவிட்டது. ஐம்பதாவது நாள் தலைமுடியை வெட்டிக்கொண்டார்கள். மாதக்கணக்கில் காயவைத்து, கடைசியில் 1,000 ரூபாய் கூட்டினார்கள். அதே கையோடு நவம்பர் 1ஆம் தேதி, 64,006 குடும்பங்களைக் கணக்கெடுத்து, அதிவறுமை இல்லாத மாநிலமாகிவிட்டோம் என்று அறிவித்து விழாவும் எடுத்தார்கள். விழாவுக்குச் சினிமா நடிகர் வந்தார்.

ஐயா, எங்களுக்கு விழா வேண்டாம், இன்னொரு சர்வே படிவமும் வேண்டாம். எல்லைக் கிராமங்களில் இருக்கிற ஒவ்வொரு லட்சம்வீடு காலனிக்கும் ஒரு வில்லேஜ் ஆபீசரையும், சங்கிலியோடு ஒரு சர்வேயரையும் அனுப்புங்கள். உள்ளே இருப்பவர் பெயரில் பட்டயம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். அவர்கள் உயிரோடு இருக்கும்போதே.