எல்லாரும் முன்னாள்கள்

மேற்கு மாம்பலத்து ஃபிளாட்டை விற்றுவிட்டுக் கோயம்புத்தூர் போகிறோம் என்றதும், "சிறுவாணித் தண்ணீர், கொடுத்துவைத்தவர்" என்றார்கள் சொந்தக்காரர்கள். போவது மூத்த குடிமக்களுக்கான குடியிருப்புக்கு என்று தெரிந்ததும் குரல் இறங்கிவிட்டது. என் மனைவியைச் சமையலறைக்குள் தள்ளிக்கொண்டு போய், "பையன் ஏதாவது சொல்லிட்டானா?" என்று விசாரித்தவர்களும் உண்டு. பையன் ஒன்றும் சொல்லவில்லை. அவன் நியூஜெர்சியில் ஆபீஸ் போய் நிமிர்ந்து உட்காருகிற நேரத்தில் நாங்கள் இங்கே மாத்திரை போட்டுக்கொண்டு படுத்துவிடுவோம். சொல்ல நினைத்தாலும் முடியாது.

இந்த மாதிரிக் குடியிருப்புகள் நாட்டிலேயே அதிகமாக முளைத்த ஊர்களில் கோவையும் ஒன்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று, திரும்பின பக்கமெல்லாம் ஆஸ்பத்திரி, பிள்ளைகள் வந்திறங்க ஏர்போர்ட், சென்னையைவிடக் குறைந்த நிலவிலை என்று எல்லாம் பொருந்தி வந்திருக்கிறது. வாங்க வருபவர்களுக்கு விற்பனைப் பையன் முதலில் காட்டுவது மேற்குத் தொடர்ச்சி மலையை. இங்கே மெயின்டெனன்ஸ் வசூலிக்கப்படாத ஒரே பொருள் அதுதான்.

காட்ட வேண்டியது குளியலறையை. வழுக்காத தரை, பிடித்து எழ சுவரில் கம்பி, உட்கார்ந்து குளிக்கப் பலகை எல்லாம் இருக்கின்றன. கதவு வெளிப்பக்கமாகத் திறக்கும். உள்ளே ஆள் விழுந்து கிடந்தாலும் திறந்துவிடலாம். ஒரு சிவப்புக் கயிறு தரையைத் தொடுகிற அளவுக்குத் தொங்கும், விழுந்தவர் படுத்தபடியே இழுப்பதற்கு. புதிதாக வந்த முன்னாள் தலைமைப் பொறியாளர் ஒருவர் அதை கீசர் சுவிட்ச் என்று நினைத்து இழுத்துவிட்டார். நர்ஸ், இரண்டு செக்யூரிட்டி, ஒரு சக்கர நாற்காலி, கூடவே வேடிக்கை பார்க்க எதிர்வீட்டுக்காரர் என்று ஊர்வலமே வந்து சேர்ந்தது. சோப்பு நுரையும் துண்டுமாக நின்றவரிடம் நர்ஸ் "சார், ஒண்ணுமில்லையே?" என்று கேட்க, மனிதர் கொஞ்சமும் அசராமல், "ரெஸ்பான்ஸ் டைம் பார்த்தேன், பரவாயில்லை" என்றார். அடுத்த கமிட்டிக் கூட்டத்துக்குக் கயிற்றின் சரியான இடம் குறித்து வரைபடமும் கொண்டுவந்தார்.

கட்டடம், ஆம்புலன்ஸ், ஜெனரேட்டர் எல்லாம் எங்கேயும் ஏறக்குறைய ஒன்றுதான். காசு கொடுத்து நாம் உண்மையில் வாங்குவது பக்கத்து வீட்டுக்காரர்களை. இங்கே எல்லாரும் முன்னாள்கள். முன்னாள் வங்கி மேலாளர், முன்னாள் பேராசிரியர், முன்னாள் கர்னல், முன்னாள் துணைச் செயலர். உத்தரவு போட ஆள் நிறைய உண்டு, கீழ்ப்படியத்தான் ஆள் இல்லை. ஓய்வுபெற்ற ஆடிட்டர்கள் வரிசையாக உட்கார்ந்து டீசல் பில்லைப் புரட்டுவதால் கணக்கில் யாரும் கை வைக்க முடியாது. அதே காரணத்தால் கூட்டமும் முடியாது. குடியிருப்போர் சங்கமே நடத்தினால் வீட்டுக்கு மாதம் 7,500 ரூபாய் வரை பராமரிப்புக் கட்டணத்துக்கு ஜிஎஸ்டி இல்லை, தாண்டினால் 18 சதவீதம் என்பது விதி. வரி தாண்டிய தொகைக்கு மட்டுமா, மொத்தத்துக்குமா என்ற கேள்வி சென்னை உயர் நீதிமன்றம் வரை போய், தாண்டியதற்கு மட்டும்தான் என்று 2021-ல் தீர்ப்பானது. எங்கள் நடைபாதையில் அது இன்னமும் தினமும் காலை ஆறு மணிக்கு மேல்முறையீட்டில் இருக்கிறது.

சாப்பாட்டு விஷயம் இதைவிடச் சிக்கல். தஞ்சாவூர்க்காரருக்குச் சாம்பார் நீர்க்க இருக்கிறது. பாலக்காட்டு மாமிக்குத் தேங்காய் வறுத்து அரைக்காததைச் சாம்பார் என்று ஒப்புக்கொள்ள மனமில்லை. பொள்ளாச்சிக்காரருக்கு வாரம் ஒருமுறையாவது அரிசிம்பருப்புச் சாதம் வேண்டும். வெங்காயம், பூண்டு படாத மேஜை தனி. உப்பு கூடாது என்று டாக்டர் சொன்னவர்களும், உப்பே இல்லை என்று கத்துகிறவர்களும் ஒரே வரிசையில் தட்டேந்தி நிற்கிறார்கள். இதற்கென்று உணவுக் கமிட்டி உண்டு. முன்னாள் துணைச் செயலர் மினிட்ஸ் எழுதுகிறார். கத்தரிக்காய் குறித்து வாக்கெடுப்பு நடந்து, இரு தரப்பும் சமமாகி, தலைவர் தன் வாக்கைக் கத்தரிக்காய்க்கு எதிராகப் போட்டதில் இன்றுவரை அவரோடு பேசாதவர்கள் இருக்கிறார்கள். சமையல்காரர் எல்லோருக்கும் "ஆகட்டுங்க சார்" என்றே பதில் சொல்கிறார். சொல்லிவிட்டு நேற்று வைத்த சாம்பாரையே இன்றும் வைக்கிறார். முப்பது வருடம் அரசாங்கத்தில் குப்பை கொட்டிய எனக்கு இவ்வளவு தேர்ந்த நிர்வாகி அங்கே தென்பட்டதில்லை.

இவ்வளவு சண்டைக்கும் நடுவில் என் மனைவி அடுப்படியிலிருந்து விடுதலை பெற்றிருக்கிறாள். கல்யாணமானதிலிருந்து மூன்று வேளையும் சமைத்தவள் இப்போது "குழம்பில் பெருங்காயம் பத்தலை" என்று அடுத்தவர் சமையலைக் குறை சொல்லும் சுகத்தைக் கண்டுகொண்டாள். அவள் கணக்கில் மெயின்டெனன்ஸ் தொகை முழுவதும் இதற்கே சரியாகப் போகிறது. நானும் மறுப்பதில்லை. நாற்பது வருடம் அதே குறையை நான் சொல்லிப் பட்ட பாடு எனக்கல்லவா தெரியும்?

நவம்பர் எங்களுக்குத் திருவிழா மாதம். மத்திய அரசு ஓய்வூதியக்காரர்கள் எல்லோரும் உயிரோடுதான் இருக்கிறோம் என்று நிரூபிக்க வேண்டும். முன்பெல்லாம் பேங்கில் வரிசை, தேய்ந்துபோன கைரேகை, "இன்னொரு விரல் வைங்க சார்" என்ற அவமானம். 2021-ல் முகத்தைக் காட்டினால் போதும் என்று வசதி வந்தபிறகு, விவரம் தெரிந்தவர் ஒருவர் ஃபோனோடு பொது ஹாலில் உட்கார்ந்துகொள்கிறார், மற்றவர்கள் வரிசையில் போய்க் கண் சிமிட்டிவிட்டு வருகிறார்கள். எண்பதைத் தாண்டியவர்கள் அக்டோபர் 1 முதலே கொடுக்கலாம் என்பதால் அவர்களுக்கு ஒரு மாத சீனியாரிட்டி. மத்திய அரசு ஓய்வூதியக்காரருக்கு எண்பது வயதில் அடிப்படை ஓய்வூதியம் 20 சதவீதம் கூடும். ஆகவே இங்கே எண்பதாவது பிறந்தநாளுக்கு "பல்லாண்டு வாழ்க" என்று வாழ்த்துகிறவர்களைவிட "அரியர்ஸ் வந்துடுத்தா?" என்று கேட்பவர்களே அதிகம்.

குறை என்று சொன்னால், குழந்தைச் சத்தம் இல்லை. மே மாதத்தில் யார் வீட்டுப் பேரனோ சைக்கிளோடு வந்தான். "நடைபாதையில் சைக்கிள் கூடாது" என்று விதியை எடுத்துக் காட்டியவர்களே மறுநாள் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்து, "பிரேக்கைப் பிடி", "இடதுபக்கம் வா", "பெடலைப் பார்க்காதே, முன்னால் பார்" என்று ஆளுக்கொரு பக்கம் கட்டளை போட்டார்கள். பையன் குழம்பிப்போய்ச் செம்பருத்திச் செடிக்குள் விழுந்தான். அத்தனை தாத்தாக்களும் ஒரே சமயத்தில் எழுந்து ஓடியதைப் பார்த்து நர்ஸுக்குத்தான் படபடப்பு.

இன்னொரு குறையைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். கேட்டுக்குள் ஐஸ் பெட்டி வண்டி வருவது இங்கே அபூர்வமல்ல. சீட்டாட்டத்தில் ஒரு கை குறையும், வாட்ஸ்அப் குழுவில் கைகூப்பிய படங்கள் நிறையும். ஆனால் மாடிவீட்டு அம்மாள் கணவர் போனபிறகு ஒருவேளைகூடத் தனியாகச் சாப்பிட்டதில்லை. இத்தனைக்கும் உணவுக் கமிட்டியில் அவரை எதிர்த்து வாக்களித்தவர்கள்தான் தட்டோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள். மாம்பலத்தில் எங்கள் மாடிவீட்டில் யார் இருந்தார்கள் என்பது ஈ.பி. பில் மாறி வந்தபோதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

ஆக, நான் இதற்கே வாக்களிப்பேன். நீங்களும் வாங்குவதாக இருந்தால் மலையைப் பார்த்துக் கையெழுத்துப் போடாதீர்கள். பல இடங்களில் வீடு உங்கள் பெயரில் இருந்தாலும் குறிப்பிட்ட வயதைத் தாண்டியவர்கள்தான் குடியிருக்கலாம். பிள்ளைக்குச் சொத்தாக வரும், அவன் வந்து குடியிருக்க முடியாது. இன்னொரு பெரியவருக்கு விற்க வேண்டும் அல்லது வாடகைக்கு விட வேண்டும். லீஸுக்குப் போனால் டெபாசிட்டில் எவ்வளவு பிடித்துக்கொண்டு தருவார்கள் என்பதை எழுத்தில் வாங்குங்கள். படுக்கையில் விழுந்தால் உதவியாளர் செலவு யாருடையது, மெயின்டெனன்ஸ் வருடத்துக்கு எவ்வளவு ஏறும், நடத்துகிற கம்பெனி கைமாறினால் என்ன ஆகும் என்று கேளுங்கள். கட்டுபவர், சேவை நடத்துபவர், வாங்குபவர் மூவரும் சேர்ந்து ஒப்பந்தம் போட வேண்டும் என்று மத்திய வீட்டுவசதி அமைச்சகத்தின் 2019-ஆம் ஆண்டு மாதிரி நெறிமுறைகளே சொல்கின்றன. அதைக் காட்டினால் விற்பனைப் பையன் முகம் மாறுகிறதா என்று கவனியுங்கள்.

அதற்கு முன்னால் ஒரு வாரம் வாடகைக்குத் தங்கிப் பாருங்கள். பண்டிகை இல்லாத சாதாரண வாரமாக இருக்கட்டும். விருந்தினர் அறை உண்டு. சாப்பாட்டுக்குத் தனிக் கட்டணம்.