அறிக்கையியல்: கச்சிராயபாளைய வட்டாரத்தில் விசார்டுகளின் இயல்பும் பிணிநீக்கமும்

அறிக்கை எனப்படுவது, கணினியின் அட்டவணைகளில் வரிசை வரிசையாக அடைந்து கிடக்கும் விவரங்களைத் தாளில் ஏற்றி, தலைப்பிட்டு, அடியில் கூட்டுத்தொகை போட்டு, பெரியவர் ஒருவர் கையொப்பமிடத்தக்க நிலையில் கொண்டுவந்து தருவது. விசார்டு எனப்படுவது, அவ்வறிக்கையைச் செய்யத் தெரியாதவரிடம் நாலைந்து கேள்விகளைக் கேட்டு, அவர் ‘நெக்ஸ்ட்’, ‘நெக்ஸ்ட்’ என்று அழுத்திக்கொண்டே போக, ‘ஃபினிஷ்’ என்னும் இடத்தில் எல்லாவற்றையும் தானே செய்து முடிக்கும் துணைநிரல். இவ்விரண்டின் இலக்கணமும் இவ்வளவு எளிதாக இருக்க, நடைமுறையில் ஃபினிஷுக்குப் பிறகே வேலை தொடங்குவது ஏன் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆய்வுக்களமாகக் கச்சிராயபாளையம் கொள்ளப்பட்டதற்குக் காரணம் உண்டு. கல்வராயன் மலையின் அடிவாரத்தில், 46 அடி உயரமுள்ள கோமுகி அணைக்குப் பக்கத்தில், கள்ளக்குறிச்சி-2 கூட்டுறவு சர்க்கரை ஆலையைத் தன்னகத்தே கொண்டிருக்கும் இவ்வூரில் கரும்பும் மரவள்ளியும் நெல்லும் மக்காச்சோளமும் ஓயாமல் எடைபோடப்படுகின்றன. எடைபோடப்படுவது எதுவாயினும் அதற்கொரு சீட்டு உண்டு. சீட்டு உள்ள இடத்தில் பேரேடு உண்டு. பேரேடு உள்ள இடத்தில், “இதையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றிவிடலாம் மாமா” என்று சொல்லும் அக்காள் மகன் ஒருவன் கட்டாயம் உண்டு. கட்டுரையில் எடுத்துக்காட்டாக வரும் எடைமேடை கற்பனையானது. அங்கு நிகழ்வனவாகச் சொல்லப்படுபவை கற்பனையல்ல.

அறிக்கை தவறாக வரும்போது காரணம் கூறுவோர் மூன்று பள்ளியினராகப் பிரிவர். முதலாமவர் பிரிண்டர்வாதிகள், இவர்கள் டோனரைக் கழற்றிக் குலுக்கி மீண்டும் மாட்டுவர். இரண்டாமவர் மூடித்திறப்புவாதிகள், எப்பிழைக்கும் கணினியை அணைத்துப் போடுவதே மருந்து என்பது இவர்கள் கொள்கை. மூன்றாமவர் வைரஸ்வாதிகள், இவர்களுடைய இறுதிச் சிகிச்சை ஃபார்மட் ஆதலால், நோயோடு நோயாளியும் போய்விடுவது வழக்கம். பிரிண்டர்வாதிகளின் பக்கம் ஒரு துளி நியாயம் இருப்பதை மறைத்தல் முறையன்று: கணினியில் பிரிண்டர் ஒன்றுகூட நிறுவப்படாதிருந்தால் ஆக்சஸ் என்னும் தரவுத்தள மென்பொருள் அறிக்கையைத் திரையில் காட்டவும் மறுக்கும். எனினும் இம்மூவரும் ஒருமித்து உடன்படும் ஒரே கருத்து, தட்டச்சு செய்தவர்மேல் பிழையில்லை என்பது. இக்கட்டுரை அக்கருத்தை மறுக்கிறது.

மறுப்பதற்கு முன் சிறிது வரலாறு தேவைப்படுகிறது. எட்கர் காட் என்னும் அறிஞர், விவரங்களை அட்டவணைகளாகவும் அவற்றிடையிலான உறவுகளாகவும் வைத்துக்கொள்ளும் கோட்பாட்டை 1970-இல் வெளியிட்டார். அது மேசைக்கணினிக்கு இறங்கிவந்த டிபேஸ் காலத்தில் புள்ளி ஒன்றின் எதிரே கட்டளைகளைத் தட்டச்சு செய்தாக வேண்டியிருந்தமையால், பிழை செய்வதற்கும் ஓரளவு படிப்பு தேவைப்பட்டது. 1991-இல் மைக்ரோசாஃப்ட் தன் பப்ளிஷர் மென்பொருளில் விசார்டைப் புகுத்தியது. 1992 நவம்பரில் ஆக்சஸின் முதற்பதிப்பு வந்தது. அன்று முதல் பிழை செய்யும் உரிமை எல்லோருக்கும் பொதுவாயிற்று.

விசார்டு தொடக்கத்திலேயே வர மறுப்பதும் உண்டு. பழைய ஆஃபிஸ் பதிப்புகளில் சில விசார்டுகள் முதன்முறை அழைக்கும்போதுதான் நிறுவப்படும்; அப்போது கணினி சிடியைக் கேட்கும்; சிடி, கணினியை விற்ற கடைக்காரரிடம் இருக்கும்; கடை இப்போது செல்போன் கடையாக மாறியிருக்கும். பிந்திய பதிப்புகளில், நம்பத்தகாத இடத்திலிருந்து வந்த கோப்பு என்று கருதி மென்பொருளே நிரல்களை முடக்கி, மேலே மஞ்சள் பட்டை ஒன்றைக் காட்டும். அதை எவரும் படிப்பதில்லை. இவற்றில் ஆராய்ச்சிக்கு இடம் குறைவு.

ஆராய்ச்சிக்குரிய முதற்பிணி, கேளாத கேள்வி. எடைமேடையின் அட்டவணையில் ‘ஊர்’ என்றிருந்த தலைப்பை ஒருவர் நல்லெண்ணத்தோடு ‘ஊர் பெயர்’ என்று மாற்றிவிட்டார் எனக் கொள்க. நேற்றுவரை ஒழுங்காக இருந்த அறிக்கை, இன்று திறந்தவுடன் சிறுபெட்டி ஒன்றைக் காட்டி ‘ஊர்’ என்று மட்டும் எழுதி, ஏதாவது தருமாறு கேட்டு நிற்கும். தனக்குத் தெரியாத பெயர் எதிர்ப்பட்டால் அதன் மதிப்பைப் பயனரிடமே கேட்டுவிடுவது ஆக்சஸின் மரபு. பயனரோ, கணினி தம் ஊரை விசாரிப்பதாகக் கருதி, மரியாதைக்குக் ‘கச்சிராயபாளையம்’ என்று தட்டுவார். உடனே, மலைமேல் வெள்ளிமலையிலிருந்து வந்தவர், பக்கத்து வடக்கனந்தலிலிருந்து வந்தவர் என்ற வேறுபாடின்றி, அறிக்கையில் உள்ள அத்தனை விவசாயிகளும் ஒரே ஊர்க்காரர்களாகிவிடுவர். பெட்டியை ஒன்றும் தட்டாமல் மூடிவிட்டு, அறிக்கையின் வடிவமைப்பில் பழைய பெயர் எங்கே ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று தேடுவதே இதற்கு மருந்து. வரிசைப்படுத்தும் இடத்திலும் குழுவாக்கும் இடத்திலும் அது ஒளிந்திருக்கும் என்பதைச் சிறப்பாகக் கவனிக்க வேண்டும்.

இரண்டாவது, வெற்றுத்தாள் பிணி. ஒரு பக்கம் அச்சாகி, அடுத்த பக்கம் வெறுமையாய் வந்து, மீண்டும் ஒரு பக்கம் அச்சாகும் இந்நிலையில்தான் பிரிண்டர்வாதிகள் பெரும் ஆதரவு பெறுகின்றனர். உண்மைக் காரணம் அமெரிக்காவில் இருக்கிறது. அந்நாட்டு ‘லெட்டர்’ தாளின் அகலம் 215.9 மில்லிமீட்டர், நம் நாட்டில் புழங்கும் ஏ4 தாளின் அகலம் 210. கணினியில் லெட்டர் அளவு அமைந்திருக்கும்போது விசார்டு அத்தாள் நிறைய அறிக்கையைப் பரப்பிவிட, அதை ஏ4 தாளில் அச்சிட்டால் எஞ்சும் 5.9 மில்லிமீட்டர் தனக்கொரு முழுத்தாள் கேட்கிறது. அறிக்கையின் அகலத்தோடு இருபுற ஓரங்களையும் கூட்டினால் தாளின் அகலத்தைத் தாண்டக் கூடாது என்பது விதி. இதை மீறினால் மென்பொருள் எச்சரிக்கவே செய்கிறது. ஆனால் அவ்வெச்சரிக்கையில் ‘ஓகே’ என்றொரு பொத்தான் இருப்பதால் அது பயனற்றுப் போகிறது.

எல்லாப் பத்திகளையும் ஒரே பக்கத்துக்குள் அடக்குக என்னும் கட்டத்தில் விசார்டு தானாகவே குறியிட்டு வைத்திருப்பதால் நேரும் கேடும் இதனோடு எண்ணத்தக்கது. எண்கள் அடங்காவிடில் வேலி போட்டாற்போன்ற குறிகள் தோன்றுவதால் பிழை புலப்படும். எழுத்துகளோ ஓசையின்றி வெட்டுப்படும். நீண்ட பெயருடைய ஊர்களுக்கு இது தனிக்கொடுமை. ‘கச்சிராய’ என்பதோடு நின்றுவிட்ட அறிக்கைகளை யாரும் பிழையென்று கொள்வதுமில்லை.

இனி வெற்றுமதிப்பு. பூஜ்யம் என்பது ஒரு மதிப்பு. வெற்றுமதிப்போ எதுவும் எழுதப்படவில்லை என்னும் நிலை. இவ்வேறுபாட்டை 1979-இல் எழுதிய கட்டுரையில் காட் விரித்துரைத்துள்ளார். எடைமேடையை அது இன்னும் எட்டவில்லை. கரும்பு டிராக்டர் ஒன்றின் மொத்த எடை 14,250 கிலோ என்று பதிவாகி, சரக்கிறக்கிய பின் வண்டியின் வெற்றெடை போடப்படாமல் ஓட்டுநர் டீ குடிக்கப் போய்விட்டார் என்க. 14,250-இலிருந்து ‘தெரியாதது’ ஒன்றைக் கழித்தால் விடையும் தெரியாததே ஆகும் என்பது தருக்கம். ஆகவே நிகர எடைக் கட்டம் வெறுமையாய் நிற்கும். கூட்டுத்தொகையோ அவ்வண்டியை அடியோடு மறந்துவிட்டு, கேட்பவருக்குச் சந்தேகம் வராத அழகிய எண்ணைத் தரும். ‘என்.இசட்.’ என்னும் சார்பைக் கொண்டு வெறுமையைப் பூஜ்யமாக்கலாம் என்று நூல்கள் பரிந்துரைக்கின்றன. அப்படிச் செய்தால் டிராக்டரின் எடையும் கரும்பாகக் கணக்கில் ஏறும் என்பதால், இவ்விடத்தில் அது மருந்தன்று. ஓட்டுநரைத் திரும்ப அழைப்பதே மருந்து.

இத்துணைப் பிணிகளிலும் பெரிது, ஒன்று பலவாதல். ஊர்வாரியாகக் குழுவாக்கித் தருக என்று விசார்டிடம் கேட்டால் அது அச்சொல்லை எழுத்துக்கு எழுத்து நம்பும். ‘கச்சிராயபாளையம்’ என்று ஒருவரும், ஒற்று மிகுமென்று ‘கச்சிராயப்பாளையம்’ என இலக்கணம் அறிந்த ஒருவரும், வாயில் வருகிறபடி ‘கச்சராபாளையம்’ என மற்றொருவரும் பதிந்திருக்க, அறிக்கையில் மூன்று ஊர்கள் தோன்றி, மூன்றும் தத்தம் கூட்டுத்தொகையோடு நிற்கும். பெயருக்குப் பின் தெரியாமல் நுழைந்த புள்ளி ஒன்று நான்காவது ஊரைத் தோற்றுவிக்கும். ஓர் ஊரை உருவாக்க அரசாணை தேவைப்படும் நாட்டில், விசார்டுக்கு ஒரு விசைத்தட்டு போதுமானதாக இருக்கிறது.

மாவட்டத்தின் நிலை இன்னும் சுவையானது. இங்கே தட்டச்சு செய்தவர்மேல் பழிபோடவும் இயலாது. தென் ஆற்காடு மாவட்டத்திலிருந்த இவ்வூர் 1993 செப்டம்பர் 30 அன்று விழுப்புரம் மாவட்டத்துக்கும், 2019 நவம்பர் 26 அன்று கள்ளக்குறிச்சி மாவட்டத்துக்கும் இருந்த இடத்தைவிட்டு அசையாமலே குடிபெயர்ந்தது. பழைய பதிவுகளைத் திருத்தாமல் மாவட்டவாரி அறிக்கை கேட்டால், ஒரே வயலில் ஒரே விவசாயி மூன்று மாவட்டங்களில் கரும்பு விளைவித்தவராகத் தெரிவார். ஊர்ப் பத்தியில் ‘கல்வராயன் மலை’ என்று மட்டும் எழுதுவோர் சிக்கலைப் பெருக்குகின்றனர். அம்மலையின் ஒரு பகுதி கருமந்துறைப் பக்கமாகச் சேலம் மாவட்டத்தில் கிடக்கிறது.

இதற்குரிய சிகிச்சை, ஊர்களுக்கென்று தனி அட்டவணை வைத்து, ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்து, தட்டச்சுக்கு இடமின்றிப் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கச் செய்தல். இதைச் செய்துகொடுக்கவும் ஒரு விசார்டு உண்டு. அது பெயரைக் காட்டினாலும் உள்ளே எண்ணையே வைத்திருக்கும் என்பதை மறந்தவர்கள், அகரவரிசைக்குப் பதிலாகத் தாங்கள் பட்டியலில் ஏற்றிய வரிசையில் ஊர்கள் அச்சாவதைக் கண்டு மூடித்திறப்புவாதிகளிடம் சரணடைவர்.

எண்ணென்றும் எழுத்தென்றும் பிரித்தறியாமையாலும் கேடு விளையும். கள்ளக்குறிச்சியின் தொலைபேசிக் குறியீடு 04151. அப்பத்தியை எண்வகையாக அமைத்தால் முன்னிற்கும் பூஜ்யத்துக்கு மதிப்பில்லை என்று மென்பொருள் அதை நீக்கிவிடும். கூட்டவோ கழிக்கவோ போவதில்லை என்றால் அது எண்ணன்று, எழுத்தே என்பது கொள்ளத்தக்க விதி.

எழுத்துருவுக்கு வருவோம். யூனிகோடுக்கு முந்திய எழுத்துருக்களில் ஏற்றப்பட்ட பழைய பெயர்கள் அட்டவணையில் தமிழாகவும், விசார்டு செய்த அறிக்கையில் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகவும் தோன்றும். விசார்டு தன் விருப்பப்படி வேறொரு எழுத்துருவைப் பூட்டிவிடுவதே காரணம். எழுத்துருவை மாற்றினால் தமிழ் திரும்பும். ஆனால் வரிசை திரும்பாது. அம்முறைகள் பலவற்றில் கொம்பு முதலிலும் மெய் பின்னரும் தட்டப்பட்டமையால், சேகர், தேவி, வேலு ஆகிய மூவரும் சகரம், தகரம் பாராமல் இரட்டைக்கொம்பின்கீழ் ஒரே கூட்டமாக வந்து நிற்பர். 2010-இல் தமிழ்நாடு அரசு யூனிகோடைத் தரமாக ஏற்றது. அதற்கு முன் பதிந்தவற்றை மாற்றுநிரல் கொண்டு ஒருமுறை மாற்றிவிடுவதைத் தவிர வேறு வழியில்லை.

தேதிப் பிணி நுட்பமானது. எஸ்.க்யூ.எல். என்னும் வினவல் மொழியில் நேரடியாக எழுதப்படும் தேதியை ஆக்சஸ் மாதம் முதலாகவே படிக்கும். டிசம்பர் 5 என்னும் பொருளில் 05/12 என்றெழுதினால் அது மே 12 ஆகும். 13/12 என்றெழுதினாலோ, பதின்மூன்றாம் மாதம் இல்லையென்பதால் சரியாகப் படித்துவிடும். ஆகவே ஒவ்வொரு மாதமும் முதல் 12 நாட்கள் அறிக்கை பித்தம் தலைக்கேறியதுபோல் நடந்து, 13-ஆம் தேதி தானே தெளிந்துவிடுகிறது. இதில் அமாவாசைக்குத் தொடர்பு கற்பிப்போர் கூற்று ஏற்கத்தக்கதன்று. ஆண்டை முதலில் எழுதுவது இதற்குப் போதிய மருந்து.

இறுதியாகக் கோப்பின் உடல்நிலை. அரவைப் பருவத்தின் நடுவே மின்சாரம் போனால், கோப்பைத் திறந்தவர் இன்னார் என்று குறித்து வைக்கும் பூட்டுக்கோப்பு அழியாமல் தங்கி, யாரும் இல்லாத அறையில் யாரோ வேலை செய்வதாகச் சொல்லும் நிலை நேரலாம். எல்லோரும் வெளியேறிவிட்டதை உறுதிசெய்து அதை நீக்கலாம். மூடித்திறப்புவாதிகளின் கொள்கை சிறிதளவு வெல்வது இங்கேதான். மேலும் ஆக்சஸ் கோப்பு 2 ஜிபிக்கு மேல் வளராது. கோமுகி அணை நிரம்பும் தறுவாயில் கரையோர மக்களுக்கு எச்சரிக்கை விடப்படுவதைப்போல இங்கே எவரும் தண்டோரா போடுவதில்லை. நீக்கிய பதிவுகளின் இடமும் தானாகத் திரும்புவதில்லை. அவ்வப்போது ‘காம்பாக்ட் அண்ட் ரிப்பேர்’ என்னும் கட்டளையால் கோப்பைச் சுருக்கிச் சீராக்க வேண்டும். சுருக்கும் நடுவில் மின்சாரம் போவதும் நடக்கும் என்பதால், முன்னதாகப் பென்டிரைவில் ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்ளுமாறு வாசகர்கள் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள். அந்தப் பென்டிரைவில் சினிமாப் படம் ஏற்றாதிருப்பது நலம்.