கடைசிப் பக்கம் இருக்குதுங்களா?

● பரணில் அப்பாவின் முத்து காமிக்ஸ் ஒரு பெட்டி கிடைத்தது. பழைய பேப்பர்காரரைக் கூப்பிடலாமா?
*– வெள்ளகோவில்*

முருங்கைக்காய்க்குத்தான் கிலோ கணக்கு; இதற்கு இதழ் கணக்கு. சிவகாசியிலிருந்து 1972-ல் வந்த முத்துவின் முதல் இதழ் ‘இரும்புக்கை மாயாவி’. அது உள்ளே இருந்தால், பேப்பர்காரருக்குக் காபி மட்டும் கொடுத்து அனுப்புங்கள்.

● என்னிடமும் மாயாவி இருக்கிறார். முதல் பதிப்பா, மறுபதிப்பா?
*– முத்தூர்*

உடம்பு மறைந்தாலும் மாயாவியின் இரும்புக்கை மட்டும் வெளியே தெரியும். மறுபதிப்பும் அப்படித்தான், எங்காவது கை தெரிந்துவிடும். அட்டையில் மயங்காமல் விலை, இதழ் எண், ‘அடுத்த வெளியீடு’ விளம்பரம் மூன்றையும் பாருங்கள்.

● ஒன்றரை ரூபாய் ராணி காமிக்ஸுக்கு இணையத்தில் ஆயிரக்கணக்கில் விலை போட்டிருக்கிறார்களே?
*– காங்கேயம்*

மாடு பிடிக்கும் ஊர்க்காரருக்கு நான் சொல்ல வேண்டுமா? வாயால் சொல்வதா விலை? துண்டுக்கடியில் விரல் பிடித்து முடிவதுதானே! ஆகஸ்டில் ஈரோடு புத்தகத் திருவிழாப் பக்கம் போனால் சேகரிப்பவர்கள் கண்ணில் படுவார்கள். ஒரே இதழுக்கு நாலு பேரிடம் விலை கேளுங்கள்.

● நிஜக் கொலைகளையே காமிக்ஸாகப் போட்டார்களாமே?
*– மூலனூர்*

அமெரிக்காவில் 1942-ல் ‘கிரைம் டஸ் நாட் பே’ என்று ஆரம்பித்தார்கள். ‘குற்றம் லாபம் தராது’ என்று பெயர். குற்றத்தை விற்றே நல்ல லாபம்! 1954-ல் காமிக்ஸ் தணிக்கை விதி வந்தது, மறுவருடம் கடை மூடியது. இந்தியாவிலும் 1956-ல் சிறுவர்களைக் கெடுக்கும் படக்கதைகளுக்கு எதிராகச் சட்டம் வந்தது. சென்னையில் நடந்த ஆளவந்தார் கொலையைச் செய்தித்தாளில் படித்தோம். படக்கதைக்குத் துப்பறியும் ரிப் கிர்பியும், 1984-ல் லயன் காமிக்ஸ் முதல் இதழில் வந்த மாடஸ்தியும் போதும் என்றிருந்தோம்.

● அட்டை கிழிசலுக்கு டேப் ஒட்டி, லேமினேஷன் போட்டுவிடலாமா?
*– தாராபுரம்*

அது முதலுதவி அல்ல, இரண்டாவது கொலை. டேப்பின் பசை பழுத்துக் கறையாகிவிடும். லேமினேஷனைப் பிரித்தால் அட்டையும் கூடவே வரும். துருப்பிடித்த பின்னை மெல்லக் கழற்றுங்கள். ஈரமில்லாத இடத்தில், பிளாஸ்டிக் உறையில், தறிப் பஞ்சும் ராமபாணப் பூச்சியும் அண்டாமல் வையுங்கள். பைண்டிங் வேண்டாம், ஓரம் வெட்டும் கத்தி விலையையும் சேர்த்து வெட்டும்.

● “இது என் புத்தகம், திருடாதே” என்று அப்பா மையில் எழுதி வைத்திருக்கிறார். மதிப்பு குறையுமா?
*– ஓலப்பாளையம்*

சந்தையில் குறையும். உங்கள் வீட்டில் கூடும். அந்த ஒரு இதழை விற்காதீர்கள்.

● எல்லாம் சரிங்க, கடைசிப் பக்கம் மட்டும் இல்லை. என்ன விலை போகும்?
*– வெள்ளகோவில்*

பாதிகூடத் தேறாது. கொலைகாரனும் நாற்பது வருடமாக வெளியேதான் திரிகிறான். பரணில் இன்னொரு தடவை தேடுங்கள். அவனைப் பிடித்தால் முழு விலை!