மாருதி 800 நடுக்கவியல்: ஓர் ஆய்வு முன்னுரை

சிக்னலில் நிற்கும்போது ஸ்டியரிங் அதிர்வதும், கண்ணாடியில் பின்னால் வரும் லாரி இரண்டாகத் தெரிவதும், ஆக்ஸிலரேட்டரைத் தொட்டவுடன் ஒன்றுமே நடக்காததுபோல எல்லாம் அடங்கிவிடுவதும் ஆகிய நிலையை மெக்கானிக்குகள் 'ஸ்லோ ஸ்பீடு நிக்கல' என்பர். புலவர் உலகம் இதைக் கண்டுகொள்ளாதது பெருங்குறை. அக்குறையை நீக்கவே இவ்வாய்வு.

ஆய்வுப் பொருளாகக் கார்ப்பரேட்டர் வைத்த மாருதி 800 கொள்ளப்பட்டது. 1983இல் வெளிவந்து 2014இல் உற்பத்தி நின்றுவிட்ட வண்டி. இனிப் புதிதாக ஒன்று வந்து நம் முடிவைப் பொய்யாக்காது. உயிரோடிருக்கும் எழுத்தாளரை ஆய்வுக்கு எடுக்கத் தயங்கும் பேராசிரியர்கள் இவ்வசதியை நன்கறிவர். 796 சி.சி.; மூன்று சிலிண்டர். நிமிடத்துக்கு 800 சுற்று என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை வெடிக்க, நொடிக்கு 20 வெடிப்பு. ஒரு சிலிண்டர் படுத்துக்கொண்டால் நாலு சிலிண்டர் வண்டிக்குப் போவது கால் பங்கு. இதற்கோ மூன்றில் ஒரு பங்கு. ஆகவே நடுக்கத்தில் மாருதியின் தனிச்சிறப்பு மறுக்கவொண்ணாதது.

நடுக்கத்தின் காரணம் ஐவகைப்படும் என்ப.

முதலாவது பிளக். முனை கறுத்திருந்தால் பெட்ரோல் மிகுதி, வெளுத்திருந்தால் காற்று மிகுதி, ஆயிலில் நனைந்திருந்தால் செலவு மிகுதி. எது வேலை செய்யவில்லை என்றறிய, ரப்பர் பிடி போட்ட கட்டிங் பிளேயரால் பிளக் ஒயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி மாட்ட வேண்டும். எதைப் பிடுங்கியும் என்ஜின் சத்தம் மாறவில்லையோ அதுவே சும்மா இருக்கும் சிலிண்டர். இச்சோதனையைக் கருத்தரங்க மேடையில் செய்துபார்க்க இன்னும் யாருக்கும் துணிவு வரவில்லை.

இரண்டாவது, ஏர் ஃபில்டர்: தட்டினால் புழுதி.

மூன்றாவது, ஸ்லோ ஜெட் அடைப்பு. காற்றடித்து ஊதலாம், கம்பி விட்டுக் குத்தினால் துளை பெரிதாகிவிடும்.

நான்காவது, என்ஜின் மவுண்டிங். இங்கு என்ஜின் குற்றமற்றது, வண்டிதான் நடுங்குகிறது.

ஐந்தாவதைச் சொல்லுமுன் ஸ்க்ரூ பற்றிப் பேசியாக வேண்டும். பானெட் திறந்ததும் எங்கிருந்தோ நாலு பேர் வருவர். யார் பையிலிருந்தோ ஸ்க்ரூ டிரைவரும் வரும். இவர்கள் இரு மரபினர். வேக மரபினர் ஸ்பீடு ஸ்க்ரூவை முடுக்குவர். நடுக்கம் மறையும், பெட்ரோலும் மறையும் (நேர்காணல்: எதிர்வீட்டு மாமா, நைலான் கட்டில், மாலை வேளை). கலவை மரபினர் பக்கத்திலுள்ள மிக்ஸர் ஸ்க்ரூவைத் தளர்த்துவர், சைலன்ஸர் கரும்புகை விடும் (காண்க: பழைய சர்வீஸ் பில், பின்பக்கம், கிரீஸ் படிந்து இரு வரிகள் சிதைவு, மூன்றாம் வரியில் உள்ள 'துவரம்பருப்பு அரைக் கிலோ' இடைச்செருகல் எனக் கருத இடமுண்டு). இரண்டையும் கால் சுற்று திருகுக என்னும் சமரச மரபும் உண்டு. அதற்குரிய சான்று: மூத்த மெக்கானிக் ஒருவர் சொன்னதை அவர் சீடன் சொல்ல, டீ குடிக்க வந்தவர் கேட்டு என் மைத்துனரிடம் சொல்ல, அவர் எனக்குப் போனில் சொல்லிக்கொண்டிருக்கையில் சிக்னல் போயிற்று. கிடைத்த பாதிக்கு மூன்று உரைகள் உள்ளன. கிடைக்காத பாதியே உயர்ந்தது என்பதில் உரைகாரர் மூவரும் ஒருமித்துள்ளனர்.

நூலின் காலத்தை ஐந்நூறு ஆண்டு முன்னே தள்ளிவிட்டால் சிக்கல் தீர்ந்தது என்று நம்பும் அறிஞருக்கும் வேக மரபினருக்கும் வேறுபாடு காண இவ்வாய்வாளரால் இயலவில்லை. சத்தம் கம்பீரமாகிறது; ஓட்டை அப்படியே இருக்கிறது.

ஓட்டைதான் ஐந்தாவது. ஐடிலில் த்ராட்டில் ஏறக்குறைய மூடிக் கிடக்கும்; அப்போதுதான் மேனிஃபோல்டில் உறிஞ்சல் மிகுதி. வாக்யூம் ஹோஸில் சிறு வெடிப்பு இருந்தாலும் கணக்கில் வராத காற்று உள்ளே நுழைந்து கலவையைக் கெடுக்கும். ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் முறையாக வரும் காற்றே ஏராளம்; திருட்டுக் காற்று அதில் எடுபடாது. ஓடும்போது நல்ல பிள்ளையாக இருந்துவிட்டு நின்றால் மட்டும் நடுங்கும் ரகசியம் இது.

பூஸ்டர் வைத்த வண்டியானால், நிறுத்திய நிலையில் என்ஜினை ஓடவிட்டு, பிரேக் பூஸ்டருக்குப் போகும் தடித்த ரப்பர் ஹோஸின் அருகே காதை வையுங்கள். 'ஸ்ஸ்' என்று கேட்டால் பாதி ஆய்வு முடிந்தது. பிரேக் பெடல் கட்டையாக இருப்பது துணைச்சான்று. கிளிப்புக்கு ஒட்டினாற்போல, நேராக இருக்கையில் கண்ணுக்குத் தெரியாமல், வளைத்தால் மட்டும் வாய் திறக்கும் மயிரிழை வெடிப்பு ஒன்று அங்கிருக்கும். மேனிஃபோல்டுப் பக்கமாக, அந்த வெடிப்புக்கு முன்னால், ஹோஸை பிளேயரால் நசுக்கிப் பிடித்தால் என்ஜின் அந்தக் கணமே சீராகும். புது ஹோஸின் விலை, அதுவரை குடித்த டீக்கணக்கில் அடங்கிவிடும்.

ஹோஸ் மாற்றியதும் என்ஜின் சிக்னலிலேயே ஹைவே வேகத்துக்கு உறுமத் தொடங்கும். அஞ்ச வேண்டியதில்லை, மரபினர் ஏற்றிவைத்த ஸ்க்ரூவின் விளைவு அது. பழைய இடத்துக்கு இறக்கினால் போதும். பழைய இடம் எது என்று கேட்டால் மட்டும், இரு மரபினரும் தாங்கள் அந்த ஸ்க்ரூவைத் தொட்டதே இல்லை என்கின்றனர்.