பத்து காவானில் சீனத் தட்டச்சு

சீன எழுத்துகளைக் கணினியில் தட்டச்சு செய்வோர் தம் நேரத்தில் பெரும்பகுதியை எழுதுவதில் செலவிடுவதில்லை. திரை நீட்டும் பட்டியலிலிருந்து வேண்டிய எழுத்தைப் பொறுக்கி எடுப்பதிலேயே செலவிடுகின்றனர். லினக்ஸ் என்னும் கட்டற்ற இயங்குதளத்தை நிறுவிக்கொள்வோர் நிலையும் ஏறத்தாழ இதுவே: எந்த வழங்கல், எந்த மேசைத்தளம், எந்த எழுத்துரு என்று தேர்ந்து முடிப்பதற்குள் எதற்காகக் கணினியைத் திறந்தோம் என்பது மறந்துவிடும். இவ்விரு கலைகளையும் ஒருசேரக் கைக்கொள்பவர் பட்டியலுக்குள் பட்டியலாக இறங்க வேண்டியவராகிறார் என்பதும், அவ்வாறு இறங்குவதற்கு மலேசியத் தமிழரைவிடத் தகுதி வாய்ந்தவர் அரியர் என்பதும் இக்கட்டுரை நிறுவ விழையும் கருத்துகளாகும்.

ஆய்வுக்களம், பினாங்கு மாநிலத்தின் பெருநிலப் பகுதியில், தென் செபராங் பிறை மாவட்டத்தில் உள்ள பத்து காவான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தியோச்சூ சீனர் கரும்பு பயிரிட்டதும், பின்னர்த் தோட்டத் தமிழர் தமிழ்ப்பள்ளி நடத்தி வாழ்ந்ததுமான இவ்வூரில், 24 கிலோமீட்டர் நீளமுள்ள இரண்டாம் பினாங்குப் பாலம் 2014-இல் பத்து மாவுங்கிலிருந்து கடல் தாண்டி வந்து இறங்கியது. தொழிற்பேட்டையும் பண்டார் காசியா என்னும் புதுநகரும் வளர்ந்தன. மைக்ரான் போன்ற நிறுவனங்கள் உலகக் கணினிகளுக்கு வேண்டிய நினைவகப் பொருள்களை இங்கே பொருத்திச் சோதித்து அனுப்புவதால், உலகின் எந்த மூலையில் எவர் சீன எழுத்தைத் தட்டினாலும் அது தங்கும் இடம் பத்து காவானில் சோதிக்கப்பட்டதாக இருக்க வாய்ப்புண்டு. அத்தகைய ஆலையொன்றில் இரவு வேலை முடித்து வீடு திரும்பும் தமிழ்த் தந்தையின் மடிக்கணினியில் மட்டும் ஒரு சீன எழுத்தும் வர மறுப்பது தொழில்நுட்ப வரலாற்றாசிரியர்கள் இதுவரை கவனிக்காத செய்தியாகும்.

அவருக்குச் சீன எழுத்து எதற்கு என்னும் வினா எழலாம். மலேசியாவில் தொடக்கக் கல்வியே ஒரு பட்டியலிலிருந்துதான் தொடங்குகிறது: தேசியப் பள்ளி, சீனப்பள்ளி, தமிழ்ப்பள்ளி. மாண்டரின் தெரிந்தால் பிழைத்துக்கொள்வான் என்னும் கணக்கில் தமிழ்ப் பெற்றோர் சிலர் பிள்ளையைச் சீனப்பள்ளியில் சேர்க்கின்றனர். அக்கணக்கில் விடுபட்டுப்போவது வீட்டுப்பாடம் ஒன்றே. வகுப்பின் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் சீனத்தில் வரும் அறிவிப்பு, சீனத்திலேயே எழுப்ப வேண்டிய ஐயம், தட்டச்சு செய்து ஒப்படைக்க வேண்டிய பாடம் ஆகிய மூன்றும் சேர்ந்து, பழைய மடிக்கணினிக்கு லினக்ஸே போதும் என்று சிக்கனம் பார்த்தவரின் மேசைக்கு வந்து சேர்கின்றன.

சிக்கலின் அளவை எண்களால் உணரலாம். தமிழ்99 விசைப்பலகை 12 உயிர், 18 மெய், ஓர் ஆய்தம் ஆகிய 31 விசைகளைக் கொண்டு 247 எழுத்துகளையும் ஆக்கிவிடுகிறது. உலக மொழிகளின் எழுத்துகளுக்கு எண் வழங்கும் ஒருங்குறியில் தமிழுக்கென ஒதுக்கிய 128 இடங்களில் இன்னும் காலியிடம் இருக்க, சீனம் முதலிய கிழக்காசிய மொழிகளின் சித்திர எழுத்துகளோ 97,000-ஐத் தாண்டிவிட்டன. முன்பு சீனாவில் 6,763 எழுத்துகள் கொண்ட ஜிபி2312 (1980), தைவானில் 13,000-க்கும் மேற்பட்ட எழுத்துகள் கொண்ட பிக்5 (1984) எனத் தனித்தனிக் குறியேற்றங்கள் நிலவின என்பதைக் கேட்டுத் தமிழர் வியக்க வேண்டியதில்லை. தாமும் டாம், டாப், திஸ்கி எனப் பிரிந்து நின்று, ஒருவர் அனுப்பிய மடல் மற்றவர் திரையில் மந்திரமாகத் தெரிந்த காலத்தைக் கடந்தே அவர்கள் வந்துள்ளனர்.

இத்தனை எழுத்துகளுக்கும் விசை வைத்தால் விசைப்பலகை பண்டார் காசியா முழுவதும் நீளும் என்பதால், அறிஞர் பலர் மாற்றுவழி கண்டனர். தைவானில் கற்பிக்கப்படும் சூயின் 37 ஒலிக்குறிகளால் இயங்குவது. சூ பாங்ஃபூ 1976-இல் வகுத்த சாங்ஜியே முறை எழுத்தை உறுப்புறுப்பாகப் பிரித்துத் தட்டச் சொல்வது. எழுத்தைப் படைத்தவராகத் தொன்மம் கூறும் நான்கு கண்ணுடைய சாங்ஜியேயின் பெயரையே அதற்குச் சூட்டியிருப்பது, பயில்வோருக்கு எத்தனை கண் தேவைப்படும் என்பதை முன்கூட்டியே அறிவித்த நேர்மையாகும். வாங் யோங்மின் 1983-இல் தந்த வூபி முறை எவ்வெழுத்தையும் நான்கு விசைகளுக்குள் முடித்துவிடும். எந்த நான்கு என்பதை மனனம் செய்வதே பாக்கி. இவற்றையெல்லாம் பின்தள்ளிச் சீனப்பள்ளிப் பிள்ளைகளின் கையில் நிலைத்தது, ஒலியை உரோமன் எழுத்தில் தட்டும் பின்யின் என்னும் முறை. சீனா 1958-இல் ஏற்ற அதனை உருவாக்கிய குழுவில் முதன்மையானவர் சோ யூகுவாங். அவர் அடிப்படையில் பொருளியலாளர். 111 வயது வரை வாழ்ந்த அவர், தம் கண்டுபிடிப்பு பத்து காவான் வரை வந்து வீட்டுப்பாடம் செய்வதைக் காணப் போதிய அவகாசம் பெற்றிருந்தார்.

பின்யின், தமிழருக்கு அந்நியமான உத்தி அன்று. முத்து நெடுமாறன் 1985-இல் மலேசியாவில் தொடங்கிய முரசு அஞ்சல் மென்பொருளில் ஆங்கில விசைகளால் தமிழ் ஒலியைத் தட்டிப் பழகியவர்கள் இங்கு ஏராளம். வேறுபாடு யாதெனில், தமிழில் தட்டிய ஒலிக்கு ஓர் எழுத்தே உண்டு. மாண்டரினிலோ தொனியை நீக்கிவிட்டால் மொத்த அசைகளே ஏறத்தாழ 400 என்பதால், 'ஷி' என்று தட்டியவுடன் பத்து, சிங்கம், கல், காலம், ஆசிரியர் என எல்லாம் வரிசையில் வந்து நிற்கும். மொழியியலாளர் சாவ் யுவான்ரென் இந்த ஓர் அசையை மட்டும் வைத்து ஒரு கதையையே எழுதிக் காட்டினார். பினாங்கில் இதற்கு உள்ளூர்ச் சிக்கல் ஒன்றும் சேர்கிறது. ஹொக்கியன் பேசி வளர்ந்த நாக்கு மாண்டரினின் நாமடி ஒலிகளை நிமிர்த்திவிடுவதால், எந்த ஒலியைத் தட்டுவது என்ற குழப்பம் நேரும். அதற்காகவே, 'ஸ'வையும் 'ஷ'வையும் ஒன்றாகக் கொண்டு இரண்டின் எழுத்துகளையும் காட்டும் 'மங்கல் பின்யின்' என்னும் சலுகை மென்பொருளில் உண்டு. இதைக் கண்டு நகைக்கும் தகுதி, லகர ளகர ழகரங்களை ஒரே நாவால் சமாளிக்கும் சமூகத்துக்கு இல்லை.

இனி நிறுவுதலுக்கு வரலாம். லினுஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸை அறிவித்ததும் ஒருங்குறியின் முதற்பதிப்பு வெளிவந்ததும் 1991-ஆம் ஆண்டிலேயே. எனினும் இரண்டும் ஒன்றையொன்று புரிந்துகொள்ளப் பல ஆண்டுகள் பிடித்தன. லினக்ஸைப் பலர் பலவாறு தொகுத்து வெளியிடுவதால் அத்தொகுப்புகள் வழங்கல்கள் எனப்படும். உபுண்டு, மின்ட், ஃபெடோரா, டெபியன், சீனாவின் டீபின் என நீளும் இப்பட்டியலின் முன் நிற்பவரின் மனநிலை, பினாங்கு நாசி கண்டார் கடைக் கண்ணாடிப் பெட்டியின் முன் நிற்பவரின் மனநிலையேயாகும்: எதைக் காட்டினாலும் சோறு ஒன்றுதான், குழம்புதான் வேறு, பின்னால் நிற்பவரின் பொறுமை மட்டும் எல்லைக்குட்பட்டது.

வழங்கல் அமைந்த பின், விசைக்கும் எழுத்துக்கும் இடையே நின்று மொழிபெயர்க்கும் உள்ளீட்டுச் சட்டகத்தைத் தேர வேண்டும். முன்பு ஸ்கிம் கோலோச்சியது. இன்று க்நோம் மேசைத்தளத்தோடு இணைந்து வரும் ஐபஸும், சீனப் பயனர் பெரிதும் விரும்பும் எஃப்சிஐடிஎக்ஸ்5-உம் களத்தில் உள்ளன. இரண்டையும் நிறுவி வைத்தால் இரட்டிப்பு நன்மை கிடைக்கும் என்று எண்ணுவோர் உளர்; இரண்டு மாமியார் உள்ள வீட்டை அவர்கள் கண்டதில்லை போலும். சட்டகத்தை நிறுவியவுடன் சில சூழல் மாறிகளை, அதாவது எந்தச் சட்டகத்தை நாடுவது என்று நிரல்களுக்குச் சொல்லும் குறிப்புகளை, ஒரு கோப்பில் எழுத வேண்டும் என்று ஒரு கையேடு கூறும்; வேலண்ட் என்னும் புதிய திரைமுறையில் அவற்றுள் சிலவற்றை எழுதவே கூடாது என்று அடுத்த கையேடு கூறும். இரண்டும் அதனதன் சூழலில் உண்மையே. எவ்வழியைப் பின்பற்றினாலும் ஒருமுறை வெளியேறி மீண்டும் உள்நுழைந்தாலன்றிப் பலன் தெரியாது. லினக்ஸில் நிகழும் அற்புதங்களிற் பாதி இவ்வாறு வெளியேறி வந்தமையால் நிகழ்ந்தவை.

சட்டகத்தின்மேல் அமர்வது, தட்டிய ஒலியை எழுத்தாக்கும் பொறி. லிப்பின்யின் என்னும் பொறி நிறுவியவுடன் உழைக்கத் தொடங்கும்; ரைம் என்னும் பொறி உரையாசிரியர் மரபைச் சேர்ந்தது, ஒவ்வொன்றையும் அமைவுக் கோப்பில் விளக்கி எழுதினால்தான் நிறைவுறும், அக்கோப்பில் ஓர் இடைவெளி கூடினாலும் ஊடல் கொள்ளும். மேலும் ரைம் இயல்பாகத் தருவது மரபெழுத்து. மலேசியச் சீனப்பள்ளிகள் கற்பிப்பதோ எளிமையாக்கிய எழுத்து. ஜார்ஜ்டவுன் பழங்கடைகளின் பெயர்ப்பலகைக்குப் பொருந்தும் எழுத்தில் வீட்டுப்பாடம் அச்சாகி வரும்போது, "அப்பா, லாவ்ஷி கேட்டது இது இல்லை" என்று ஆசிரியரைச் சுட்டிப் பிள்ளை சொல்லும். எஃப்4 விசையை அழுத்தி எளிமையெழுத்துக்கு மாறிக்கொள்ளலாம் என்பதை அறியும் வரை, தந்தை அதைப் பண்பாட்டுப் பாதுகாப்பு என்றே விளக்கியாக வேண்டும்.

எழுத்து சரியாக வந்தாலும் அதன் உருவம் சரியாக வரும் என்பதற்கு உறுதியில்லை. சீன, ஜப்பானிய, கொரிய வடிவங்களுள் ஒத்தவற்றை ஒருங்குறி ஒரே எண்ணில் அடக்கிவிட்டது. எந்நாட்டுச் சாயலில் காட்டுவது என்பதை எழுத்துரு முடிவு செய்யும். 2014-இல் கூகுளும் அடோபியும் சேர்ந்து வெளியிட்ட நோட்டோ எழுத்துரு, ஒரு கோப்பு தாங்கக்கூடிய உச்ச அளவான 65,535 வடிவங்களைக் கொண்டது. கணினியின் மொழி சீனமாக இராமல் மலாயாகவோ ஆங்கிலமாகவோ இருப்பின், அது பல வேளை ஜப்பானியச் சாயலை முன்வைக்கும். எலும்பைக் குறிக்கும் எழுத்தின் உள்ளே இருக்கும் சிறு மூலை சீனப்பள்ளியில் இடப்புறமும் ஜப்பானில் வலப்புறமும் இருப்பதால், சிவப்பு மை அந்த எலும்பைத் தவறாமல் முறிக்கும்.

எல்லாம் கூடிவந்த பின்னும் பழக்கம் கூடிவர வேண்டும். மொழி மாற்றக் கன்ட்ரோலும் இடைவெளி விசையும் சேர்த்து அழுத்துவது மரபு. விரிதாளில் அதே இணை ஒரு நெடுவரிசை முழுவதையும் தேர்ந்துவிடும். எழுத்துப் பட்டியல் சுட்டியின் அருகே தோன்றாமல் திரையின் மூலையில் ஒதுங்கி நிற்பதும், சீனத்தை அணைக்க மறந்து முனையத்தில் கோப்புறை மாற்றும் 'சிடி' கட்டளையைத் தட்டினால் செங்டு நகருக்குப் போகலாமா என்று பொறி வினவுவதும் இயல்பு. இதனோடு எம்17என் தொகுப்பைச் சேர்த்துத் தமிழையும் வரவழைத்துக்கொண்டால், ஒரே விசையின் சுற்றில் மலாயும் சீனமும் தமிழும் மாறிமாறி வரும். மூன்றையும் ஒரே வாக்கியத்தில் கலந்து பேசும் வீட்டில் இதனை யாரும் பழுதாகக் கருதுவதில்லை.

மேற்கண்டவற்றால் பெறப்படும் பரிந்துரை எளியது: மின்ட் அல்லது உபுண்டு, அதனுடன் ஒரே ஒரு சட்டகம், லிப்பின்யின், நோட்டோவின் எளிமைச் சீன வடிவம், மங்கல் பின்யின் ஆகியன பத்து காவானுக்குப் போதுமானவை. அவ்வாறு அமைந்த கணினியில் அதன்பின் கைவைக்கலாகாது என்பது அனுபவம் உடையோர் ஒருமித்து வழங்கும் அறிவுரை. ஆனால் உபுண்டு ஆண்டுதோறும் ஏப்ரலிலும் அக்டோபரிலும் புதிய பதிப்பு வெளியிடுகிறது. அவ்வறிவுரையை அக்டோபர் வரை காத்த லினக்ஸ் பயனர் எவரும் இருந்ததற்குச் சான்று கிடைக்கவில்லை.