ஹைட்ரஜன் பைக்குக்குக் காத்திருக்கும் பேராண்டிக்கு

வாலே, இப்படித் திண்ணையில உக்காரு. இருந்த வண்டியையும் வித்துட்டு, ஹைட்ரஜன் பைக்கு வந்தாத்தான் வாங்குவேன்னு சொல்லுதியாமே? நல்லது லே. அதுவரைக்கும் நட, தொந்தி குறையும்.

வாயுவை நான் குறை சொல்லலை. எரிச்சாப் புகை கிடையாது, தண்ணிதான் மிஞ்சும். ஆனா நிலக்கரி மாதிரி வெட்டி அள்ளுற சரக்கா அது? தண்ணியைக் கரண்டால பிரிச்சு எடுக்கணும். கிலோவுக்கு 50, 55 யூனிட்டு முழுங்கும். அதையே வண்டியில திரும்பக் கரண்டாக்குனா 20 யூனிட்டு தேறுறது பெரும்பாடு. உங்க மாமன்கிட்ட 55 ரூவாயைக் குடுத்துவச்சு, 20 ரூவாயைத் திருப்பி வாங்கிட்டு, ‘மாமா தங்கமான மனுசன்’னு சொல்லுத கதைதான்.

அடைச்சு வைக்கிறதும் லேசுப்பட்ட வேலையில்ல. கார் டேங்குன்னா காத்தழுத்தத்தைப் போல 700 மடங்கு நெருக்கணும். திரவமாக்கணும்னா மைனஸ் 253 டிகிரி. சில வகை உருக்குக்குள்ள இந்த வாயு புகுந்து அதையே நொறுங்க வச்சிரும். பச்சை ஹைட்ரஜன், பச்சை ஹைட்ரஜன்னு சொல்லுதாங்க, ஆனா இன்னைக்கு உலகத்துல தயாராகுறது பெரும்பாலும் எரிவாயு, நிலக்கரியில இருந்துதான். எரிவாயுல எடுத்தா ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு 9 கிலோவுக்குக் குறையாம கரியமில வாயு. புகை உன் பைக்குல வராது, பக்கத்து ஊரு ஆலையில வரும்!

நம்ம தூத்துக்குடித் துறைமுகத்துல 2025 செப்டம்பர்ல 3.87 கோடி ரூவாய்க்கு ஒரு சோதனை ஆலை திறந்தாங்க. மணிக்கு 10 கனமீட்டர் வாயு, அதாவது ஒரு கிலோவுக்கும் கொஞ்சம் கம்மி. அதை வச்சு துறைமுகக் குடியிருப்புல தெருவிளக்கு எரிக்காங்க. கரண்டை வாயுவாக்கி, வாயுவைக் கரண்டாக்கி, பல்பு போடுதான்! சோதனைக்குத்தானேன்னு விட்டுட்டேன்.

சிரிக்காத லே, விசயம் இல்லாமலும் இல்ல. உரத்துக்கு அம்மோனியா வேணும், அம்மோனியாவுக்கு ஹைட்ரஜன் வேணும். அங்க பேட்டரியை வச்சு என்ன செய்ய? தாதுல இருந்து இரும்பு எடுக்கவும் நிலக்கரிக்குப் பதிலா இது ஆகும். ஆடிக் காத்துல கயத்தாறு காத்தாடி சுத்தும்போது வாங்க ஆளில்லாத கரண்டையும் இதுல போடலாம். ஆனா ஐப்பசியில காத்து ஓஞ்சா, கோடி கோடியாக் கொட்டுன மிசினு சும்மா கெடக்குமே?

2030க்குள்ள வருசத்துக்கு 50 லட்சம் டன் எடுப்போம்னு 2023ல டெல்லியில சொன்னாங்க. கணக்குப் போட்டுப் பாரு: 25,000 கோடி யூனிட்டு வேணும். தமிழ்நாடு ஒரு வருசம் எரிக்கிறதைப் போல ஏறக்குறைய ரெண்டு மடங்கு. இம்புட்டுப் பாடுபட்டு எடுக்கிறதை உரத்துக்கும் உருக்குக்கும் குடுக்காம, நீ டீக்கடைக்குப் போற வண்டிக்கா ஊத்துவான்?

நாளைக்கே போயி ஒரு பேட்டரி வண்டி வாங்கு. பிளக்கு இந்தத் திண்ணையிலயே இருக்கு. கரண்டு பில்லை மட்டும் நீ கட்டிரு.