பிரம்மஸ்தானத்தில் ஒரு கம்பம்

மெல்போர்ன்

அன்புள்ள பெரியப்பா அவர்களுக்கு அநேக நமஸ்காரம்.

கொல்லைப்புறத்தில் நாலு பேர் உட்கார்ந்து பேச ஒரு மேடையும் பந்தலும் போட உத்தேசித்திருப்பதாக நான் எழுதிய மாத்திரத்தில், கிழக்கே திறப்பு, அக்கினி மூலையில் அடுப்பு, தெற்கே காற்றுக்கு வழி என்று தாங்கள் ஒரு படமே வரைந்தனுப்பிய வாத்சல்யத்தை நினைந்து உருகுகிறேன். ஆயினும், பூமத்திய ரேகையைத் தாண்டி வந்துவிட்டவன் அந்தப் படத்தைத் தலைகீழாகப் பிடித்தே வாசிக்க வேண்டியிருக்கிறதென்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

சூரிய பகவான் இங்கே கிழக்கில் உதித்து மேற்கில் மறைவதோடு பழைய சம்பிரதாயத்தை முடித்துக்கொண்டு, நடுப்பகலில் வடக்கு வானத்தில் சஞ்சரிக்கிறார். இவ்வூர் தெற்கே சுமார் 38 பாகையில் இருப்பதால், டிசம்பர் நண்பகலில் 75 பாகை உயரத்தில் நின்று மண்டையைப் பிளப்பவர், ஜூன் மாதத்திலோ 29 பாகைக்குமேல் ஏற மனமில்லாமல் வேலிக்கு அப்பாலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறார். ஆகவே, ‘வடக்கு பார்த்த கொல்லை’ என்று விளம்பரத்தில் போட்டாலே வீட்டின் விலை ஏறுகிறது.

காற்றின் சமாசாரம் இன்னும் விபரீதம். தென்றலுக்கென்று தெற்கைத் திறந்துவிட்டால், அண்டார்ட்டிகாத் திசையிலிருந்து வருவது காப்பியை மட்டுமல்ல, குடிப்பவனையும் சேர்த்து ஆற்றிவிடும். வடக்கிலிருந்தோ கோடையில் உள்நாட்டுப் பாலை நிலத்தின் அனல் வீசுகிறது. 40 டிகிரியில் வியர்த்துக்கொண்டிருந்தவன், காற்று தென்மேற்குக்குத் திரும்பிய சிறிது நேரத்தில் கம்பளியைத் தேடுகிறான்.

இந்த வெயிலுக்குப் பரிகாரம் சொன்னவர் இத்தாலியிலிருந்து வந்து குடியேறிய அடுத்த வீட்டு மூதாட்டி: பந்தலுக்குத் தகரம் போடாதே, திராட்சைக் கொடியை ஏற்று, கோடையில் தழைத்து நிழல் தரும், குளிர்காலத்தில் இலையை உதிர்த்துவிட்டு வெயிலுக்கு வழிவிடும் என்றார். கூலி வாங்கிக்கொண்டு வந்த நிபுணர் விரித்த வர்ணப் படங்கள் ஒன்றிலாவது இந்த யுக்தி இல்லை.

எஞ்சியிருப்பது துணி உலர்த்தும் தகராறு. கொல்லையின் நட்டநடுவே, நல்ல வெயில் முழுவதையும் ஏகபோகமாக அனுபவித்துக்கொண்டு, கைகளை விரித்துச் சுழலும் ‘ஹில்ஸ் ஹாய்ஸ்ட்’ என்ற இரும்புக் கொடி நிற்கிறது. 1945-இல் அடிலெய்டில் லான்ஸ் ஹில் என்பவர் செய்யத் தொடங்கிய இதற்கு இந்நாட்டில் துவஜஸ்தம்பத்துக்குரிய மரியாதை. அதைப் பெயர்த்தாலொழிய மேடைக்கு இடமில்லை என்கிறேன் நான்; கம்பம் இருந்த இடத்திலேயே இருக்கட்டும், மேடை எங்கே வந்தாலும் அதில் வடாம்தான் காயும் என்கிறாள் தங்கள் மருமகள்.

ஆகையால், நட்டநடுவாகிய பிரம்மஸ்தானத்தில் கம்பம் நிற்கலாகாது என்று சாஸ்திரப் பிரமாணத்தோடு அவள் பெயருக்கே ஒரு கடிதம் எழுதிப் போடுமாறு வேண்டுகிறேன். நான் கேட்டுக்கொண்டதாக மட்டும் அதில் குறிப்பிட வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மகன்